ஆறு கிலோ கல்

தராசுக் கொக்கியில் தொங்கும்போது
பாய்லர் இத்தனை சின்னதா என்றிருந்தது.
இருபத்தோரு கிலோ முந்நூறு.
பொங்கியண்ணன் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்து
"உள்ளார உப்பு இருக்குதுங்க,
ஏழு கிலோ கழிச்சுக்கறேன்" என்றார்.

ஏழா?
ஆயிரத்து நூறடி போர்த்தண்ணி, ஒத்துக்கொள்கிறேன்.
பல்லடத்தில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது,
அதற்காக ஏழா?
கொட்டிவிட்டு நிறுங்கள் என்றேன்.
இவர் தறிக்குடோன் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்,
விலை பேசும் இடத்தில் எப்போதும் நிற்பதுபோல.

சுத்தியல் நான்தான் எடுத்தேன்.
செம்பு நசுங்கக் கூடாது,
நசுங்கினால் அதற்கும் குறைப்பார்.
நடுக்குழாயைச் சுற்றி நோகாமல் தட்டத் தட்ட
முதலில் தூள்,
பிறகு பொருக்குப் பொருக்காக,
கடைசியில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒன்று
வெள்ளையும் பழுப்புமாய்க் கோடு கோடாய்.
எண்ணியிருக்கலாம்.
பத்தொன்பது வருசம் அதில் இருந்தது.
நூல் விலை ஏறித் தறி நின்ற ஆறு வாரம்
எரிக்கக் கோன் அட்டை இல்லாமல்
பச்சைத் தண்ணியில் குளித்தோம்,
அங்கே மட்டும் கோடு இருக்காது.

கல்லைத் தனியே நிறுத்தோம்.
ஆறு கிலோ, ஐம்பது கிராம் குறைய.
"நான் சொன்னது பெருசாத் தப்பில்லீங்களே" என்றார்.
ஒரு கிலோ என்பது அறுநூறு ரூபாய் என்றேன்.

அப்போதுதான் உறைத்தது.
நாலரைக்கு எழுந்து
கண்ணெரிய ஊதி
அட்டையும் தென்னை மட்டையும் திணித்து
தினமும் முதலில் நான் காயவைத்தது
இந்தக் கல்லைத்தான்.
அது குடித்த மிச்சம்தான் தண்ணிக்கு.
"இன்னும் காயிலியா" என்று
குளியலறையிலிருந்து வந்த குரலுக்கெல்லாம்
பதில் உள்ளேயே வளர்ந்திருக்கிறது,
வருசத்துக்கு முந்நூறு கிராம் வீதம்.

இவரிடம் சொன்னேன்.
"அதுக்கு இப்ப என்னங்கற" என்றார்.
ஒன்றுமில்லை. சொன்னேன்.

புதுசு வெள்ளிக்கிழமை வந்தது.
வெள்ளை உருளை ஒன்று, விசிறிப் பெட்டி ஒன்று.
காற்றில் கிடக்கிற சூட்டை உறிஞ்சித்
தண்ணிக்குத் தருமாம்.
மாமனார் மொட்டைமாடி ஏறி
விசிறிக்கு முன்னால் கையை நீட்டிப் பார்த்தார்.
"குளுந்த காத்தல்ல வருது"
என்று இறங்கி வந்தார்,
எங்களை ஏமாற்றிவிட்டார்கள் என்ற திருப்தியோடு.

அருள்தாஸ் பைப் மாட்டும்போது
பக்கத்தில் யாருமில்லை, நான் கேட்டேன்.
இதிலும் கல் பிடிக்குமா?
"புடிக்கும்க்கா. வருசம் ஒருக்காக் கழுவோணும்.
உள்ள ஒரு கம்பி இருக்குது,
துரு மொதல்ல அதைத்தான் திங்கும்.
அது தீந்தா மாத்திப்போடோணும்."
அந்தக் கம்பியைக் கொஞ்ச நேரம் கையில் வாங்கிப் பார்த்தேன்.
கரண்ட் போனால்?
அதற்கும் ஒரு பதில் சொன்னான்.

மார்கழி இரண்டாம் நாள், காலை ஐந்து மணி.
தறிச் சத்தம் நின்றதில்தான்
வீடே விழித்துக்கொண்டது.
துண்டைத் தோளில் போட்டபடி இவர்
பாய்லர் இருந்த மூலையைப் பார்த்தார்,
புகைக்குழாய் போன ஓட்டையைப் பார்த்தார்,
"அன்னைக்கே சொன்னேன்" என்றார்.
அன்றைக்கு எதுவும் சொல்லவில்லை.

நான் ஈரத்தலையோடு
வாசல் கூட்டிக்கொண்டிருந்தேன்.
நேற்றைய சூடு டாங்கில்
இன்று மதியம்வரை நிற்கும்,
குழாயைத் திறந்தால் போதும்.

கேட்டால் சொல்லலாம் என்று இருக்கிறேன்.