வாய் அங்கே, மடி இங்கே

மஞ்சக்குப்பம் அலுவலகத்தில்
மாவட்டங்களைச் சுவரோரம் நிறுத்தி
உயரம் அளக்கும் வேலை எனக்கு.
யார் தலை யாரைவிட எத்தனை விரற்கடை
என்று மார்ச்சுக்குள் சென்னைக்குச் சொல்லியாக வேண்டும்.
வரிசையில் சேராமல் பக்கத்தில் நிற்கிறது பாண்டி.
அதன் தலை சற்று மேலே.
"சின்ன ஊருய்யா, வகுக்க ஆள் கம்மி" என்பார்
மேசைக்கு அந்தப் பக்கம் ஜீவரத்தினம்.
அவர் மச்சினன் வீடு முத்தியால்பேட்டையில்.

ரெட்டிச்சாவடி தாண்டி ஒரு வாய்க்கால்.
அதைக் கடந்தால் எனக்குப் பயணப்படி கிடையாது.
ஆகவே இந்தக் கரையில் நின்று கத்துகிறேன்.
அந்தக் கரையில், குத்தகை நிலத்தில்,
புல் அறுத்துக்கொண்டிருக்கிறார் பூங்காவனம்.
வீடும் ரேஷன் அட்டையும் என் முதுகுக்குப் பின்னால்.

"எருமை எத்தனை?"
"மூணு. ஒண்ணு சினை."
"எந்த மாநிலக் கணக்கு?"
நிமிர்ந்தார்.
என்னைப் பார்க்கவில்லை, எருமையைப் பார்த்தார்.
"வாய் பாண்டி சார். மடி கடலூரு."
"சாணி?"
"அது நடந்துகினே போட்டுகினு வரும்."

நான் சிரித்தேன்.
படிவம் எட்டாம் பத்தியில் காத்திருந்தது.

மகன் அய்யனாரப்பன் அங்கே சோப்புக் கம்பெனியில்.
பன்னிரண்டு மணி நேரம் அவர்கள் ஏட்டில் ஏறிவிடும்,
இருமல் மட்டும் கடைசி பஸ்ஸில் வீடு திரும்பும்.
மருந்து வாங்கினால் சில்லறை வணிகம் என்று எழுதலாம்.
வாங்காமல் இருமினால்
எழுத ஒன்றுமில்லை.
சனிக்கிழமை கன்னியக்கோயிலில் இறங்கி
ஒரு குவார்ட்டர்.
வரி அவர்களுக்கு.
விழுவது நம் பள்ளத்தில்.

எங்களுக்கும் உயரம் வரும், வராமல் இல்லை.
நெய்வேலியில் தோண்டுகிற கரியை
தொப்பிபோல எடுத்து மாட்டிக்கொள்வோம்.
தொப்பியோடு அளக்கலாம், விதி இருக்கிறது.
அந்தக் கரியில் எரிகிற விளக்கு
எந்த ஊர்த் தெருவில் எரிகிறது என்பது
வேறொரு பிரிவு, மாடியில், மூன்றாம் அறை.

புயல் வந்த வருஷம்
இவர் வீட்டு முந்திரி நாலும் வேரோடு சாய்ந்தன.
மரம் போனதற்குக் கழித்தல் குறி போட
படிவத்தில் கட்டம் இல்லை.
கூரை மாற்றிய கூலி மட்டும்
கட்டுமானம் என்ற தலைப்பில் கூடியது.
அந்த வருஷம் நாங்கள் அரை விரற்கடை வளர்ந்தோம்.
ஜீவரத்தினம் ஆளுக்கொரு சமோசா வாங்கித் தந்தார்.

மொத்தத்தைத் தலைக்குத் தலை வகுத்தபோது
பூங்காவனத்துக்கும் ஒரு பங்கு விழுந்திருந்தது.
சும்மா இருக்காமல்
தொகையை உரக்கச் சொன்னேன் வாய்க்காலுக்கு மேலாக.
அரிவாளைக் கட்டில் செருகிவிட்டு
"யாருகிட்ட இருக்குது அது?" என்றார்,
கோபம் ஒன்றும் இல்லை.
விலாசம் தவறி
பக்கத்து வீட்டுக்குப் போன கடிதத்தைக் கேட்பதுபோல்.

எனக்குத் தெரியாது என்று எழுத
எந்தப் பத்தியும் இல்லை.
பக்கத்தைப் புரட்டினேன்,
அடுத்த கேள்வி கோழிகள் பற்றியது.

பொழுது சாய்கிறது.
புல்லுக்கட்டைத் தலையில் ஏற்றி
முழங்கால் நீரில் அவர் இறங்க
எருமைகள் பின்னால் இறங்கின.
இரண்டு கரையேறி உடம்பை உதறின,
என் சட்டையில் சேறு.
சினை எருமை மட்டும்
நடுவாய்க்காலில் படுத்துக்கொண்டது.
மூக்கு மேலே, வயிறு தண்ணீருக்குள்.

"அது எழுந்திருக்க நேரமாவும் சார்,
நீங்க போங்க" என்கிறார்.

மார்ச் முடியப் பதினொரு நாள் இருக்கிறது.
பென்சிலோடு நிற்கிறேன்.