கீழே ஓடும் வரி

தேவகோட்டையில், பேக்கரி மாடியில் எங்கள் சேனல்.
கேமரா ஒன்று, கம்ப்யூட்டர் இரண்டு,
சத்தம் மட்டும் சுழலும் ஒரு ஃபேன்.
திரையின் அடியில் வலமிருந்து இடமாக ஓடுகிறதே எழுத்து,
அதை அடிப்பவள் நான்.

தங்கம் கிராம் விலை.
சாவிக்கொத்து தொலைந்தது, கண்டெடுத்தவர் மெடிக்கலில் கொடுக்கவும்.
கண்ணீர் அஞ்சலி மூன்று நாளைக்கு எழுநூறு,
படத்தோடு என்றால் ஆயிரம்.
ஒரு வரி ஓடி மறையப் பதினோரு விநாடி.
அந்தப் பதினோரு விநாடிக்கு
இந்த ஊரில் யாரும் பெரிய ஆள்தான்.

போன மாதம் நானாக ஒரு வரி சேர்த்தேன்:
ஒன்பது நாளாகக் குடிநீர் வரவில்லை.
அன்றைக்குத்தான் பக்கத்துத் தெருவில்
பூட்டியே கிடக்கும் எட்டுக்கட்டு வீட்டைத் திறந்து
சினிமாக்காரர்கள் மழை பெய்ய வைத்தார்கள்.
நாலு லாரித் தண்ணீர்.
முற்றத்தில் கதாநாயகி நனைந்தாள்,
நாங்கள் குடத்தோடு நின்று வேடிக்கை பார்த்தோம்.
மூன்றாவது டேக்கில்தான் ஓகே.

கவுன்சிலர் வெள்ளைக்கண்ணு ஒரு வார்த்தை பேசவில்லை.
பேசியது எங்கள் முதலாளி உடையப்பன்:
“ஏம்மா, விளம்பரம் தர்றவர் மனசு நோகலாமா?”
அந்த வரி போய்ப் பிறந்தநாள் வாழ்த்து வந்தது.
‘வற்றாத ஊற்றே’ என்று தொடங்கும்.
அதையும் நான்தான் அடித்தேன்.

தண்ணீருக்கு ஒரு போன் வரவில்லை.
வாழ்த்துக்கு வந்தது.
ஓய்வுபெற்ற தமிழாசிரியர் சாத்தப்பன் சார்.
“வாழ்த்து தெரிவிக்கிறோம் இல்லம்மா,
வாழ்த்துத் தெரிவிக்கிறோம்.
ஒரு த் போட என்ன செலவாகுது?”
வாரத்துக்கு நாலு தடவை கூப்பிடுவார்.
வேறு எதையும் கேட்டதில்லை.

வீட்டுக்குப் போனால் சென்னை சேனலில்
நாலு கட்டத்துக்குள் நாலு பேர் கத்துகிறார்கள்.
என் வீட்டுக்காரர் ஐந்தாவது ஆள்.
யாரோ ஒரு தலைவருக்காக அவரும் அவர் தம்பியும்
கிறிஸ்துமஸிலிருந்து பேச்சில்லை.
இரண்டு வீட்டுக்கும் ஒரே குழாய்.
இரண்டு பேருக்கும் காற்றுதான் வருகிறது.

தேர்தலுக்கு முந்தின ராத்திரி கவர் வந்தது.
வீட்டில் மூன்று ஓட்டு, கவர் இரண்டு.
கொண்டுவந்த பையன் டார்ச் அடித்துப் பட்டியலைக் காட்டினான்:
ஞானசவுந்தரி, என் மாமியார், இறந்துவிட்டார்.
மாமியார் உள்ளிருந்து கேட்டுவிட்டு
மீன் ஆய்ந்த கையோடு வந்தார்.
“செத்தவகிட்ட எதுக்குடா தண்ணி வரி வாங்குனீங்க?”
பையன் பைக்கைக் கிளப்பிவிட்டான்.
ராத்திரி சாப்பிடும்போது என்னிடம்:
“எழுநூறு ரூபா நான் தர்றேன். என்னையும் ஓட விடு.”

மறுநாள் முதலாளி காரைக்குடிக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தார்.
தங்க விலைக்கும் ‘வற்றாத ஊற்று’க்கும் நடுவே அடித்தேன்:
ஞானசவுந்தரி, வயது அறுபத்தெட்டு,
உயிரோடு இருக்கிறார்.
தண்ணீருக்குக் காத்திருக்கிறார்.

பத்தாவது நிமிடம் போன்.
வரியை இன்னொரு முறை மனசுக்குள் ஓட்டினேன்,
எந்த ஒற்றை விட்டேன் என்று.
சாத்தப்பன் சார் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.
“பிழை இல்லம்மா” என்றார்.
“எங்க வீட்ல அவ போய் ஒன்றரை வருஷம் ஆச்சு.
நீதான் அஞ்சலி அடிச்சே, இரங்கலைக்குப் பக்கத்தில த் இல்லாம.
நேத்து பூத்ல பார்த்தேன். பட்டியல்ல அவ பேர் இருக்கு.
நான் போறதுக்குள்ள ஓட்டும் போட்டுட்டாளாம்.”

புகார் கொடுத்தீர்களா என்று கேட்டேன்.

“கொடுத்தா பேரை எடுத்துடுவாங்களேம்மா.”

வைத்துவிட்டார்.
என் வரி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது,
அதன் வாலைப் பிடித்துக்கொண்டு கவுன்சிலரின் வாழ்த்து.
முதலாளி திரும்ப ஆறு மணியாகும்.
பேக்கரியில் கேட்டு ஒரு பாட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்தேன்.
இருபது ரூபாய்.