பரப்பு

நான்கு பத்திரம். நான்கு விதம்.
நாற்பத்தொன்பதில் பரப்வாலா.
அறுபத்திரண்டில் பரப்புவாலா.
எழுபத்தெட்டில் தட்டச்சர் அவசரத்தில் பரபாலா.
பட்டாவில் வெறும் 'பரப்பு ஜால், த/பெ எதல்ஜி'.

அஸ்தம்பட்டியில் என் கடைத் தகரம்
சித்திரையில் அப்பளம்போல் பொரியும்.
எதிரே பிரோஜா அம்மாள், ஜாலின் ஒரே மகள்,
ஏற்காட்டிலிருந்து இருபது கொண்டை ஊசியும் இறங்கிவந்த
மயக்கம் தீராமல்.

"இதுல எதும்மா சரி?" என்றேன்.

நாங்கள் அதை நிலத்தின் பெயராகவே வைத்திருந்தோம்.
நாகலூர்ப் பக்கம் சரிவு முழுக்கக் காப்பி,
சில்வர் ஓக் மரமெல்லாம் மிளகுக்கொடி;
பரப்பு உள்ளவர் பரப்புவாலா.
இதில் என்ன சந்தேகம்?
அப்பாவும் இதே மேசையில் அப்படித்தான் எழுதினார்.

அம்மாள் சிரித்தார்.
"பரஃப்னா ஐஸுங்க."

பம்பாய்த் துறையில், கப்பல் வயிற்றிலிருந்து,
மரத்தூளில் புதைத்த பாளங்களை
முதுகில் இறக்கியவராம் தாத்தாவின் தாத்தா.
மலையில் நமக்குப் பனி என்றால் மூடுபனி,
கையில் நிற்காது.
அது எடைபோட்டு விற்ற பனி.
துரை வீட்டு வாசலுக்குள் பாதி
கழுத்துவழி ஒழுகிவிடும்,
மீதிக்குத்தான் கூலி.
சட்டை நனைந்து நின்றவரை
எவனோ ஒரு கணக்கன் ஏட்டில் ஏற்றினான்:
பரஃப்வாலா.
பிறகு ஐஸ் மிஷின் வந்தது. வேலை போயிற்று.
பெயரை இறக்கிவைக்க மட்டும்
யாரும் சொல்லவில்லை.

எனக்குக் குடும்பப்பெயர் கிடையாது.
முன்னால் ஒரு 'மு', ஒரு புள்ளி,
அவ்வளவுதான் என் அப்பா.
அவருக்கு முன்னால் வேறோர் எழுத்து.
அவர்கள் எதைச் சுமந்தார்கள் என்று
எந்த எழுத்தும் சொல்லாது.

சொத்து விவரம் எழுதினேன்.
கிழக்கே ஓடை. மேற்கே வண்டிப்பாதை.
நூற்றுப்பத்து ஏக்கர்
பாகம் பிரிந்து, வட்டிக்குப் போய், ரிசார்ட்டுக்குப் போய்
பரப்பு: இரண்டு ஏக்கர் பதினேழு சென்ட்.
அந்தக் கட்டத்தில் பேனா கொஞ்சம் நின்றது.

"நாலு பேரும் ஒரே குடும்பம்னு
இருபது ரூபாய்த் தாளில் உறுதிமொழி போடணும்.
எந்தப் பேர்ல போடட்டும்?"
"பட்டாவுல உள்ளபடி."
"அது தப்பாச்சுங்களே."
"எழுபது வருஷத் தப்பு.
வாங்கறவருக்கு அது போதும்."

கடைப் பையன் எலுமிச்சை சர்பத் வைத்தான்.
அம்மாள் தம்ளரைத் தொட்டுப் பார்த்துத் தள்ளினார்:
"ஐஸ் இல்லாம ஒண்ணு கொண்டா, கண்ணு.
எனக்குத் தொண்டை கட்டிக்கும்."