மூணு பூஜ்யம் ஒண்ணு ஒண்ணு

மார்த்தாண்டம் பாலத்துக்குக் கீழே செருப்புக்கடை.
பள்ளி திறக்க இரண்டு நாள். வெளியே மழை.
கூரை முட்டக் கறுப்பு ஷூ பெட்டிகள்.

மிஷினை அவர்கள் பக்கம் திருப்பிவைத்து
நான் மின்விசிறியைப் பார்ப்பேன்.
அதுதான் என் மரியாதை.
கேமராவுக்கு அது கிடையாது.
கல்லாவில் என் கையைப் பார்க்க முதலாளி மாட்டியது,
வருகிறவர் விரலையும் பார்க்கிறது.

பிலோமின் திரேசா என்றிருந்தது கார்டில்.
நனைந்த விரலுக்குப் பொத்தான் பிடிகொடுக்கவில்லை.
"நீயே குத்து மக்கா" என்று
வரிசை முழுக்கக் கேட்கச் சொன்னார்,
மூணு, பூஜ்யம், ஒண்ணு, ஒண்ணு.

யாரோ செருமினார்கள்.

நேற்று சின்னத்துறையிலிருந்து வந்தவரும்
இதையே முணுமுணுத்துக்கொண்டுதான் அமுக்கினார்.
அதற்கு முன்னால் வள்ளவிளை.
நவம்பர் முப்பது, ஒக்கி.
இந்தக் கடற்கரையில் திருட
ஒரு காலண்டர் போதும்.

திரையில் நான்கு நட்சத்திரம்.
பிறகு சிக்னல் தேடிக்கொண்டே இருந்தது.
குரலைத் தாழ்த்தினேன்:
"நம்பரை மாத்திருங்கம்மா, எல்லாரும் கேட்டாச்சு."

"எல்லாருக்கும் தெரிஞ்ச நாளுதானே" என்றார்.
ஈரக் கையைச் சேலையில் துடைத்தார்.
"அவரு திரும்பி வந்த தேதின்னு ஒண்ணு
இருந்தால்லா மாத்த?"

என் நம்பர் என் வண்டி நம்பர்.
சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை.

பையன் புது ஷூவில் ஏறி நின்று
கட்டைவிரலை அசைத்துப் பார்த்தான்.
"ஒரு நம்பர் கூட எடும்மா,
அடுத்த வருசமும் போடலாம்."

பெட்டியை மாற்றிக் கொடுத்தேன்.
பில் அப்போதுதான் வெளியே வந்தது,
கடைசி நான்கு எண் தவிர
எல்லாவற்றையும் மறைத்துக்கொண்டு.