கடலடியில் நடவு

கடலுக்கு அடியில் நிற்கிறோம்.
மூச்சு முட்டவில்லை.
ஆரல் கடல் இந்த இடத்தை விட்டுப் போய்
நாற்பது வருஷமாகிறது.

காலடியில் சிப்பிகள் அப்பளமாய் நொறுங்க
டிராக்டர் கிழித்த சாலில்
பதினோரு பேர் குனிகிறோம்.
ஆளுக்கொரு வாளி,
வாளிக்குள் ஈரச் சாக்கு,
சாக்குக்குள் சுள்ளி சுள்ளியாய்ச் சக்சவுல் கன்றுகள்.
உயிர் இருக்கிறதா என்று
நகத்தால் கீறித்தான் பார்க்க வேண்டும்.

மீன் டப்பா ஆலையில் இருந்த பிபிஜமாலுக்கு
கைப்பழக்கம் போகவில்லை.
கன்றுகளைத் தலையும் வாலுமாக அடுக்குகிறாள்.

டிராக்டரில் பெர்தெபாய்.
வாளி எடுத்துக் கொடுப்பது ஒராஸ்பாய்.
ஒரு படகை விற்ற பணத்தில் தொடங்கி
முப்பது வருஷம் முகம் பாராதவர்கள்.
இப்போதும் பேச்சில்லை.
நேற்று மதியம் மட்டும்
ஒருவர் ரொட்டியை மற்றவர்
கேட்காமலே பிய்த்துத் தின்றார்.

நிழல் என்று நம்பி உட்கார முடியாத மரம் இது.
இலை என்று சொல்ல ஒன்றுமில்லை.
பழமில்லை.
இதன் கட்டை தண்ணீரில் மூழ்கும்,
படகுக்கு ஆகாது என்பார்கள் எங்கள் வீட்டில்.
அதனாலென்ன இப்போது.
இதற்குத் தெரிந்தது ஒன்றுதான்:
பிடித்த மணலை விடாமலிருப்பது.

என் கணக்கைச் சொல்கிறேன்.
வடக்குக் காற்று கிளம்பும் நாளில்
முய்னாக் ஊரின் கொடிகளில்
காயும் துணியெல்லாம் வெள்ளை பூக்கும்.
நாக்கில் வைத்தால் கரிக்கும்.
மகனின் சட்டைப் பைக்குள்,
தொட்டில் துணிக்குள்,
அவன் இருமித் துப்பும் எச்சிலுக்குள்
போன கடல் வந்து வந்து போகும்.

முதல் வரிசை நட்ட வருஷம்
வாரத்துக்கு நான்கு முறை திரும்பத் துவைத்தேன்.
போன ஏப்ரலில் இரண்டு.
இதை எந்த அறிக்கையிலும் எழுத மாட்டார்கள்.

எல்லாம் பிழைக்காது.
பத்துக்கு நான்கு நின்றால் ஒராஸ்பாய் விசிலடிப்பார்.
மற்ற ஆறு குழிகளில் மறுபடியும் வைப்போம்.
பழைய வரிசையில் ஆள் உயரம் வந்துவிட்டது,
ஆடு கடிக்காமலிருக்க
யார் வீட்டுப் பரணிலிருந்தோ வந்த
வலையைச் சுற்றியிருக்கிறோம்.
கண்ணிகளில் இன்னும் ஒன்றிரண்டு செதில்.

அதன் தூரில் நேற்று
ஒரு நரியின் காலடி.
எங்கிருந்து வந்தது, எங்கே போனது,
மணல் அழிக்காமல் வைத்திருந்தது.

மாலை.
வாளிகளைக் கவிழ்த்து அடுக்குகிறோம்.
"கரையேறலாமா?" என்கிறாள் பிபிஜமால்.
இங்கே இப்போதும் அப்படித்தான் சொல்வோம்,
வீட்டுக்குப் போவதை.