குறைவாக்கு: ஒன்று

தீயணைப்பு வண்டியை வெளியே நிறுத்திவிட்டு
அதன் இடத்தில் மேசை போடுவோம்.
நானூற்றுப் பதினோரு வாக்குகள் எங்கள் டவுன்ஷிப்பில்.
கவுண்டி வரைபடத்தில் சிவப்பு;
ஏரிக்கரையில் மட்டும் கொஞ்சம் நீலம் கசியும்.

ஆர்வில் டெக்ராஃப்டும் வில்மாவும்
ஒரே பிக்கப்பில் வருவார்கள்.
முப்பத்தோரு வருடம்
அவர் போட்டதை இவர் அழிப்பார்,
இவர் போட்டதை அவர்.
"ரெண்டு பேரும் வீட்டிலேயே இருந்தால் பெட்ரோல் மிச்சம்" என்பேன்.
"நான் இருப்பேன். அவள் இருப்பாளா?" என்பார் ஆர்வில்.

இந்த நவம்பரில் தனியாக வந்தார்.
அச்சாகி வந்த பட்டியலில் வில்மா இன்னும் இருந்தார்.
நான்தான் காலையில்
ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தேன்.
அதன்மேல் கை படாமல்
தன் பெயருக்கு எதிரே கையெழுத்திட்டார்.
மறைப்புக்குக் கீழே வெகுநேரம்
சேறு காய்ந்த பூட்ஸ்.

இரவு எண்ணும்போது ஒரு சீட்டு.
சாலை வரிக்கு ஆம்.
கல்லறைத் தோட்டத்து வேலிக்கு ஆம், அழுத்தமாக,
பேனா மறுபக்கம் தெரியும்படி.
அதிபருக்கான இடத்தில்
எந்த வட்டமும் நிரப்பவில்லை.

யாருடையது என்று கேட்கக் கூடாது, சட்டம்.
எதிர்மேசை லொரேன் என்னைப் பார்த்தாள்.
நான் காப்பியைப் பார்த்தேன்.

"குறைவாக்கு: ஒன்று" என்று எழுதிவிட்டு
அடுத்ததை எடுத்தேன்.