வலக்கால்

கோட்டைவாசலில் வண்டி மாற்றிக்கொண்டோம்.
ஷாநவாஸின் எண்பத்தேழு புல்லட் எனக்கு.
போன மாதம் நான் எடுத்தது அவனுக்கு.
அதே டேங்க், அதே தங்கக்கோடு.
‘அச்சு அசல் பழசு சார்’
என்று சொல்லித்தான் ஷோரூமில் விற்றார்கள்.

இறக்கத்தில் எதிரே ரப்பர் லாரி.
பிரேக் என்று வலக்காலை அழுத்தினேன்.
அங்கே கியர்.
நாலாவது விழுந்து
சந்தோஷமாக முன்னே போனது வண்டி.

எப்படி நின்றேன் என்று கேட்காதீர்கள்.

ஆரியங்காவு சாயாக்கடையில் உட்கார்ந்ததும்
“வெள்ளம் வேணோ?” என்றாள் கடைக்காரி.
ஒரு கணம் திக்கென்றது.
பதிமுகம் போட்ட இளஞ்சிவப்புத் தண்ணீர்,
கிளாஸ் நிறைய.

அரைமணி கழித்து வந்தான் ஷாநவாஸ்:
“ஓடுதா நிக்குதான்னே தெரியலடா,
ரெண்டு தடவை
இறங்கிப் பாத்தேன்.”